படகை விற்கச் சொல்லும் கணக்கு: தானியேலின் எழுபது வாரங்கள் பற்றி ஒரு கேள்வி

பாம்பன் கணக்கெழுத்தர்:

அனைவருக்கும் வணக்கம். வேதத்தை ஆழ்ந்து படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். ஏப்ரல் 15க்குள் எனக்குப் பதில் வேண்டும்.

நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவள். மீனவப் பெண்கள் சங்கம் ஒன்றில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். என் தம்பி நாட்டுப்படகுக்காரன். ஒரு ஃபைபர் படகு, ஒரு இன்ஜின், நண்டு வலை, இவைதான் அவன் சொத்து. நாங்கள் அந்தோனியாரைக் கும்பிட்டு வளர்ந்த குடும்பம். நான்கு வருடத்துக்கு முன் தம்பி ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சபைக்குப் போன பிறகுதான் அவன் குடியை விட்டான். அதற்காக அவர்களுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். அதனால் அவர்களைத் திட்டி யாரும் பதில் எழுத வேண்டாம்.

இப்போது அவன் படகை விற்கப் போகிறான். விலை பேசி முன்பணமும் வாங்கிவிட்டான். வாங்குகிறவர் தடைக்காலம் தொடங்குவதற்குள் படகு கைக்கு வர வேண்டும் என்கிறார். நம் கடற்கரையைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் புரியும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது நாட்டுப்படகுக்காரன் கொண்டுவரும் மீனுக்குத்தான் நல்ல விலை. வருடத்தில் அவன் கையில் நாலு காசு தங்கும் நாட்கள் அவை. அந்த நாட்கள் வருவதற்கு முன்பே விற்கிறான்.

காரணம் கேட்டால், "வருகை சமீபம் அக்கா" என்கிறான். கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைச் சொல்கிறான். படகு விற்ற பணத்தில் கைப்பிரதி அச்சடித்து ஊர் ஊராகக் கொடுக்கப் போகிறானாம். அவன் மகள் பிளஸ் டூ தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது ஆறாம் வகுப்பிலிருந்து அவள் ஆசை. நான்கு வருடப் படிப்பு; இந்த வருடம் சேர்ந்தால் 2030இல் முடிப்பாள். தம்பியின் கணக்கும் 2030இல்தான் முடிகிறது. "அவள் பட்டம் வாங்கும் நாளில் நாம் இங்கே இருக்கமாட்டோம்" என்று அவளிடமே சொல்லியிருக்கிறான். பிள்ளை அன்று இரவு சாப்பிடவில்லை.

அந்தக் கணக்கை நான் போய்ப் பார்த்தேன். சபையின் சுவரில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் மாட்டியிருக்கிறார்கள். ஏழு வளைவுகள், ஏழு காலங்கள்: மாசற்ற காலம், மனச்சாட்சி, மனித அரசாட்சி, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், கிருபை, ராஜ்யம். ஆறாவது வளைவின் முடிவில் மேலே போகும் ஓர் அம்புக்குறி, அது இரகசிய வருகை, கிறிஸ்து தம் சபையை மேலே எடுத்துக்கொள்வது. பிறகு ஏழு வருட உபத்திரவம், அதன்பின் கீழே வரும் அம்புக்குறி, பகிரங்க வருகை. அதற்கப்புறம் ஆயிரவருட அரசாட்சி. எல்லாவற்றையும் என் நோட்டில் வரைந்து வந்தேன்.

கணக்கு இதுதான். வேதத்தில் தானியேல் புத்தகம் 9ஆம் அதிகாரத்தில் எழுபது வாரம். ஒரு வாரம் என்றால் ஏழு வருடம், மொத்தம் 490. அதில் 69 வாரம், அதாவது 483 வருடம், மேசியாவோடு முடிந்தது. மிச்சம் ஒரு வாரம். நடுவில் இன்றுவரை நீளும் இடைவெளி. பிறகு மத்தேயு 24இன் அத்திமரம். அத்திமரம் என்றால் இஸ்ரவேல், அது துளிர்த்தது 1948. "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்று இருக்கிறது. சந்ததியின் நீளத்துக்குச் சங்கீதம் 90:10இல் எண்பது வருடம். 1948உடன் 80 கூட்டினால் 2028. அதில் உபத்திரவ காலத்தின் ஏழைக் கழித்தால் 2021. தம்பி சபையில் சேரும்போது அந்த 2021 முடிந்து போயிருந்தது. இப்போது எருசலேம் நகரம் இஸ்ரவேலின் கைக்கு வந்த 1967இலிருந்து எண்ணுகிறார்கள். 1967உடன் 70 கூட்டினால் 2037. ஏழைக் கழித்தால் 2030.

கணக்கு எழுதிப் பிழைப்பவளாகக் கேட்கிறேன். இடைவெளியின் நீளம் தெரியாதபோது முடியும் நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? தானியேல் உண்மையில் என்ன சொல்கிறார்? தம்பியிடம் நான் என்ன சொன்னால் காதில் வாங்குவான்? அந்த ஊழியக்காரர் ஒரு ரூபாய்கூட அவனிடம் கேட்டதில்லை. நல்ல மனிதர், தாமே நம்புகிறார். அதனால்தான் எனக்கு இவ்வளவு பயமாக இருக்கிறது.


ஓய்வு ஆசிரியர், ராமநாதபுரம்:

சகோதரி, நான் சகோதரர் சபையைச் சேர்ந்தவன். நீங்கள் வரைந்து வந்த அந்த ஏழு வளைவுகளைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன். இன்றும் அதை நம்புகிறேன். ஆகவே உங்கள் தம்பியின் வீட்டுக்குள்ளிருந்து பேசுகிறவனாக என்னை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி நம்பும் போதனையே தேதி குறிப்பதைத் தடுக்கிறது. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் வேதனை. தானியேல் 9:24ஐ வாசித்துப் பாருங்கள். அந்த எழுபது வாரம் "உன் ஜனத்தின்மேலும் உன் பரிசுத்த நகரத்தின்மேலும்" குறிக்கப்பட்டது. தானியேலின் ஜனம் யூதர், நகரம் எருசலேம். சபை அந்தக் கணக்கிலேயே இல்லை. மேசியா சங்கரிக்கப்பட்டதோடு அந்தக் கடிகாரம் நின்றது. கிருபையின் காலம் முழுவதும் அது நின்றுகொண்டிருக்கிறது. சபை எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகுதான், அந்திக்கிறிஸ்து உடன்படிக்கை செய்யும் நாளில், அது மறுபடி ஓடும். அந்தக் கடைசி வாரத்துக்குத்தான் அளவு உண்டு: மூன்றரை வருடமும் மூன்றரை வருடமும், ஒவ்வொன்றும் 42 மாதம், 1260 நாள். இப்போதைய காலத்துக்கு அளவே கொடுக்கப்படவில்லை. நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்ல முடியாது. உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது சகோதரி. இடைவெளியின் நீளம் வேதத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

முதல் 69 வாரத்தைக் கணக்கிட்டவர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சர் ராபர்ட் ஆண்டர்சன் என்பவர், லண்டன் காவல்துறையில் உயர்ந்த பதவியில் இருந்தவர், எருசலேமைத் திரும்பக் கட்ட நெகேமியா 2இல் வரும் கட்டளையைக் கிமு 445இல் வைத்து, வருடத்துக்கு 360 நாள் என்று 483 வருடத்தையும் 1,73,880 நாளாக எண்ணினார். அது கிறிஸ்து எருசலேமுக்குள் பவனியாக வந்த நாளில் முடிகிறது என்றார். அந்தக் கணக்கையும் எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. ஏற்றாலும்கூட, அது ஏற்கெனவே நிறைவேறியதைத் திரும்பிப் பார்த்து எண்ணியது. எதிர்காலத்தை அப்படி எண்ண நமக்கு ஒரு நூல்கூடக் கையில் இல்லை.

அடுத்தது சந்ததிக் கணக்கு. முதல் தடவை எண்பது கூட்டியவர்கள் இரண்டாம் தடவை எழுபது கூட்டியிருக்கிறார்கள். சங்கீதம் 90:10இல் இரண்டு எண்ணும் இருப்பதால் அது சாத்தியமாகிறது. அளவுகோலை நடுவில் மாற்றினால் எந்த வருடத்துக்கும் கணக்கைப் பொருத்தலாம். எனக்கு நினைவிருக்கிறது, 1980களில் சந்ததி என்றால் நாற்பது வருடம் என்றார்கள். 1948உடன் 40 கூட்டி 1988. அந்த ஆண்டு செப்டம்பரில் சபை எடுக்கப்படும் என்று அமெரிக்காவில் ஒருவர் எழுதிய சிறுநூல் லட்சக்கணக்கில் பரவியது. 1992 அக்டோபர் 28 என்று தென்கொரியாவில் ஒரு கூட்டத்தார் குறித்தார்கள்; வேலையை விட்டவர்களும் வீட்டை விற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் போதகர் ஹரோல்ட் கேம்பிங் குறித்தார். இவர்களில் பலர் ஜெபிக்கிறவர்கள், பொய் சொல்ல நினைக்காதவர்கள். உங்கள் ஊழியக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது அவர்களை நினைத்துக்கொண்டேன்.

அத்திமரம் பற்றியும் ஒரு வார்த்தை. அதே உவமையை லூக்கா 21:29இல் பாருங்கள். "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும்" என்று இருக்கிறது. அத்திமரம் இஸ்ரவேல் என்றால் மற்ற மரங்கள் யார்?

தம்பியிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். முதலாம் தெசலோனிக்கேயர் நாலாம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். பதினேழாம் வசனம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படும் வசனம் அது. அதற்குச் சற்று மேலே, பதினொன்று, பன்னிரண்டாம் வசனங்களில், "உங்கள் சொந்தக் கைகளினாலே வேலைசெய்யவும்" என்று இருக்கிறது. வருகையைப் பற்றி எழுதுவதற்கு முன் பவுல் அதைத்தான் எழுதினார். அதே ஊர்ச் சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்கிறார்.

எங்கள் விளக்கத்தின்படி வருகை எந்த நொடியும் இருக்கலாம். இன்று இரவு இருக்கலாம், இன்னும் முந்நூறு வருடம் கழித்தும் இருக்கலாம். 2030க்குள் என்று சொல்கிறவர் இன்று இரவு என்பதையும் மறுத்துவிடுகிறார். இதைத் தம்பியிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.


தொண்டிக் கரைக்காரன்:

அக்கா, எனக்கு வேதம் அவ்வளவு தெரியாது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

1999இல் எங்கள் அப்பா தம் வத்தைப் படகை விற்றார். இரண்டாயிரம் பிறக்கும்போது எல்லாம் முடிந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு. கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று பத்திரிகையிலும் வந்தது அல்லவா, அதையும் இதையும் சேர்த்துப் பேசினார்கள். டிசம்பர் 31 இரவு எங்களை எல்லாம் குளிக்கவைத்து வெள்ளை உடுப்பு போட்டு ஜெபத்துக்குக் கூட்டிப் போனார். எனக்குப் பதிமூன்று வயது. விடிந்தது. ஜனவரி முதல் தேதி காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு நடந்து வந்தோம். அப்பா யாரோடும் பேசவில்லை. வீட்டில் அரிசி இருந்தது, குழம்புக்கு மீன் இல்லை. வாழ்க்கையில் முதன்முதலாக அப்பா காசு கொடுத்து மீன் வாங்கினார். அந்த நாளில் இதுதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

பிறகு இன்னொருவர் விசைப்படகில் கூலியாக ஏறினார். நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். ஒருநாள் கடலில் அவர் பழைய வத்தை எதிரே வந்ததாம். வேறு வர்ணம் அடித்து வேறு பெயர் எழுதியிருந்தார்கள். ஆனால் முன் அணியத்தில் அவர் கையால் அடித்த ஒட்டுப்பலகையைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாராம். அதை அம்மாவிடம் சொல்லி அழுததை நான் கேட்டேன்.

அப்பா கடைசிவரை ஜெபிக்கிறவராகத்தான் இருந்தார். கடவுள் மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. எங்களைப் பார்க்கத்தான் கூச்சப்பட்டார்.

உங்கள் தம்பியோடு வசனத்துக்கு வசனம் வாதாட வேண்டாம் அக்கா. விற்பதற்குப் பதில் இரண்டு வருடத்துக்குப் பங்குக்கு விடச் சொல்லுங்கள். படகு அவர் பெயரிலேயே இருக்கட்டும், வருகிற பங்கில் கைப்பிரதி அடிக்கட்டும். முன்பணம் திருப்பிக் கொடுக்கச் சிரமம் என்றால் எழுதுங்கள், நாலு பேர் சேர்ந்து பார்ப்போம். அந்தப் பிள்ளையின் நர்சிங் விண்ணப்பத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எட்டாவதோடு நின்றவன் சொல்கிறேன்.


மூக்கையூர் உபதேசியார்:

அம்மா, ஆசிரியர் ஐயா சொன்னதில் நடைமுறைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த ஏழு வளைவுகளே அப்போஸ்தலர் காலத்திலிருந்து வந்ததுபோல உங்கள் தம்பி நினைத்துக்கொண்டிருந்தால், அதைத் திருத்தாமல் விடுவது சரியில்லை.

சபை முதலில் இரகசியமாக எடுக்கப்படும், ஏழு வருடம் கழித்துக் கிறிஸ்து பகிரங்கமாக வருவார் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லும் போதனையை 1830களில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து விலகி வந்தவர். பிறகு 1909இல் அமெரிக்கரான ஸ்கோஃபீல்ட் தம் குறிப்புகளை வேத வசனங்களோடு ஒரே பக்கத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அதைக் கையில் வைத்திருந்த எளிய விசுவாசிகளுக்கு, எது வசனம், எது அடிக்குறிப்பு என்ற வேறுபாடு காலப்போக்கில் மங்கிவிட்டது. ஏழு காலங்களின் பட்டியல் உலகமெல்லாம் போனது அப்படித்தான். சகோதரர் சபையின் தொடக்க நாட்களில் டார்பியோடு டப்ளினில் பழகிய அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு பழகிய நம் தமிழர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். எனவே சகோதரர் சபை நம் மண்ணுக்குப் புதிதில்லை, அதன் பக்தியை நான் மதிக்கிறேன். ஆயினும் இருநூறு வருடப் போதனை இருநூறு வருடப் போதனைதான்.

ஆயிரம் வருடம் என்பது திருவெளிப்பாடு (உங்கள் தம்பியின் பைபிளில் வெளிப்படுத்தின விசேஷம்) 20ஆம் அதிகாரத்தில் ஆறு வசனங்களில் வருவது. ஆதித் திருச்சபையில் இரேனேயு போன்றோர் அதை நேர்ப்பொருளாகவே எடுத்துக்கொண்டார்கள், மறைக்கவில்லை. புனித அகுஸ்தீனும் ஒரு காலத்தில் அப்படி நம்பியதாகத் தாமே எழுதுகிறார். பிறகு அவர் மனம் மாறி, அது கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடைப்பட்ட திருச்சபையின் காலத்தைக் குறிக்கிறது என்று விளக்கினார். கத்தோலிக்கராகிய நாங்கள் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். வருகை ஒன்றே, தீர்ப்பு ஒன்றே.

உங்கள் தம்பியின் பதினேழாம் வசனத்துக்கே வருகிறேன். "கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக" என்று இருக்கிறது அல்லவா? அந்த "எதிர்கொண்டு" என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள அதே சொல் இன்னும் இரண்டு இடத்தில் வருகிறது. மத்தேயு 25இல் கன்னியர் மணவாளனை எதிர்கொண்டு போகிறார்கள். அவனோடு கல்யாண வீட்டுக்குள் நுழைகிறார்கள். திருத்தூதர் பணிகள் 28இல் ரோமிலுள்ள சகோதரர் பவுலை எதிர்கொள்ள வழியில் வந்து நிற்கிறார்கள். அவரோடு ரோமுக்கே திரும்புகிறார்கள். எங்கள் யாகப்பர் திருவிழாவுக்கு ஆயர் வரும்போது ஊர் எல்லைக்கு மேளத்தோடு போய் எதிர்கொண்டு அழைப்போம். அழைத்துக்கொண்டு ஊருக்குள் வருவோம். எல்லையிலிருந்து அவரோடு வேறெங்கோ போனவர்கள் யாரும் இல்லை. பவுல் எழுதியதைப் படித்த தெசலோனிக்கே ஊரார் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்கள். அரசர் வருகிறார், ஊரார் வெளியே போய் வரவேற்று உள்ளே அழைத்து வருகிறார்கள். திருவெளிப்பாடு 21இலும் நகரம் மேலேயிருந்து இறங்கி வருகிறது.

இந்தப் பூமி கைவிடப்படும் இடம் என்று உங்கள் தம்பிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் படகை விற்பதற்கு 2030ஐவிட அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.


ஓய்வு ஆசிரியர், ராமநாதபுரம்:

உபதேசியார் ஐயா, பழமையை வைத்து மட்டும் ஒரு விளக்கத்தை எடைபோட முடியாது. உங்களோடு அதை இன்னொரு நாள் பேசுகிறேன். ஆனால் எங்கள் விளக்கம் பூமியைக் கைவிடுகிறது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆயிரவருட அரசாட்சி இந்தப் பூமியில்தான் நடக்கும் என்கிறோம் நாங்கள்.

சகோதரியின் தம்பிக்கு எசேக்கியேல் 47ஐக் காட்டுங்கள். ஆலயத்திலிருந்து ஓடிவரும் ஆறு சவக்கடலில் விழும்போது அந்தத் தண்ணீர் ஆரோக்கியமாகிறது. என்கேதி முதல் எக்லாயிம் வரை மீன்பிடிக்கிறவர்கள் நின்று வலைகளை விரிக்கிறார்கள். அடுத்த வசனத்தில் உளையான பள்ளங்கள் மட்டும் உப்புக்காக விடப்படுகின்றன. ராஜ்ய காலத்திலும் கரையில் வலை உலர்கிறது, உப்பளம் இருக்கிறது. வசனத்தை நேர்ப்பொருளாக எடுப்பவர்கள் நாங்கள். அப்படி எடுத்தால் கிறிஸ்துவின் அரசாட்சியில் மீனவனுக்கு வேலை இருக்கிறது.


பாம்பன் கணக்கெழுத்தர்:

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தொண்டித் தம்பி, உன் அப்பாவைப் பற்றி எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

முதல் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. என் அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. பாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மணல்மேட்டில் ஏறிவிட்டார். தாத்தா படகைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார். ரயிலையே கடல் எடுத்துக்கொண்டு போன இரவு அது. தாத்தாவின் உடல் கிடைக்கவில்லை, கல்லறை இல்லை. அறுபது வருடமாக அந்தத் தேதியில் அம்மா தென்கடல் கரையில் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துகிறார். காற்றில் அது அணையும், மறுபடி கொளுத்துவார்.

போன மாதம் தம்பி வீட்டு ஜெபத்தில் வெளிப்படுத்தின விசேஷம் 21ஐ வாசித்தார்கள். புதிய வானம், புதிய பூமி, "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று". எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அம்மா எழுந்து வெளியே வந்துவிட்டார். "கடலே இல்லாமல் போனால் என் அப்பாவை எங்கே போய்த் தேடுவார்கள்?" என்று என்னிடம் கேட்டார். அன்றிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லை. படகு பற்றிய கேள்வியைவிட இது எனக்குப் பாரமாக இருக்கிறது.


மூக்கையூர் உபதேசியார்:

அம்மா, யோவான் அதை எழுதியது பத்மு என்ற தீவில் சிறைவாசியாக. பாலம் வருவதற்கு முன்னால், 1914க்கு முன்னால், தீவில் இருந்த உங்கள் முன்னோருக்குக் கடல் எதுவாக இருந்ததோ, அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அன்புக்குரியவர்களிடமிருந்து தம்மைப் பிரித்து வைத்திருக்கும் தண்ணீர். பதின்மூன்றாம் அதிகாரத்தில் மிருகம் ஏறி வருவதும் அந்தக் கடலிலிருந்துதான். அவர் இல்லாமல் போயிற்று என்று எழுதியது அந்தக் கடலை.

ஆனால் அம்மாவுக்கு இந்த விளக்கம் போதாது. 21:1க்குச் சற்று முன்னே போங்கள். 20:13ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." கடல் முதலில் எல்லோரையும் திருப்பிக் கொடுக்கிறது. அதற்குப் பிறகுதான் அது இல்லாமல் போகிறது.


ஓய்வு ஆசிரியர், ராமநாதபுரம்:

உபதேசியார் ஐயா சொன்ன வசனத்தையே வாசியுங்கள் சகோதரி. எங்கள் விளக்கத்தில் அந்த இடம் கடைசித் தீர்ப்பைச் சேர்ந்தது. கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் அதற்கு ஆயிரம் வருடத்துக்கும் முன்பே, எக்காளம் தொனிக்கும் நாளில், முதலாவது எழுந்திருப்பார்கள் என்கிறோம். அப்படியானால் உங்கள் அம்மாவின் அப்பா அவ்வளவு காலம்கூடக் கடலில் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் இருவரில் யார் கணக்கு சரி என்றாலும் அவர் தொலைந்துபோனவர் இல்லை. அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


பாம்பன் கணக்கெழுத்தர்:

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தெசலோனிக்கேயர் நாலாம் அதிகாரத்தைத் தம்பியை வாசிக்கச் சொன்னேன். பதினொன்று, பன்னிரண்டாம் வசனங்களில் நின்றான். அந்தப் பைபிளில் பதினேழுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தான், பதினொன்றும் பன்னிரண்டும் வெறுமையாக இருந்தன. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் ஊழியக்காரரிடம் போனான். அவர், "படகை விற்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்லவில்லையே தம்பி" என்றாராம். அது உண்மைதான், அவர் சொல்லவில்லை. சுவரில் இருந்த 2030தான் சொல்லியது. அதைத் தம்பி அவரிடமே சொல்லியிருக்கிறான். இருவரும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததாகத் தம்பி மனைவி சொன்னாள்.

முன்பணத்தில் பாதி செலவாகிவிட்டது. வாங்க வந்தவர் தடைக்காலம் முடியும்வரை பொறுக்கச் சம்மதித்தார். படகு இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது. அதற்குமேல் எனக்கு உறுதியாகத் தெரியாது. ரிசல்ட் வந்ததும் நர்சிங் விண்ணப்பத்தை நானே வாங்கி வருகிறேன் என்று பிள்ளையிடம் சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டுதான் இருந்தான், மறுக்கவில்லை. எசேக்கியேல் 47ஐ மட்டும் இரண்டு தடவை கேட்டான். எக்லாயிம் எங்கே இருக்கிறது என்று பிள்ளையின் செல்போனில் தேடச் சொன்னான்.

இரவு அம்மாவுக்கு 20:13ஐ வாசித்தது தம்பிதான். நான் கேட்டுக்கொள்ளவில்லை, அவனாகவே எடுத்தான். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். "மறுபடி வாசி" என்றார். வாசித்தான். "எல்லோரையும் என்று போட்டிருக்கிறதா?" என்றார். "தன்னிலுள்ள மரித்தோரை என்று இருக்கிறது அம்மா, ஒருவரையும் விட்டுவிட்டதாக இல்லை" என்றான். அம்மா சிறிது நேரம் கழித்து, தாத்தா அன்று இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின் நிறத்தைச் சொன்னார். இத்தனை வருடத்தில் அதை எங்களிடம் அவர் சொன்னதே இல்லை.

விடியற்காலை மூன்று மணிக்குத் தம்பி நண்டு வலை எடுக்கப் போய்விட்டான்.